முழங்காலளவு

பெருங்குடியில் ஆறாவது மாடி.
இரவு பதினொன்று நாற்பது.
மினசோட்டாவில் மதியம், பனி கொட்டுகிறதாம்.
பிரெண்டா என்கிற அம்மாவுக்கு
கரீபியனில் ஒரு கடற்கரை வேண்டும்.
மூன்று பிள்ளைகள்: பதினொன்று, எட்டு, நான்கு.
நான்கு என்னும்போது மட்டும்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்,
அவன் பக்கத்திலேயே தூங்குகிற மாதிரி.

என் திரையில் நாற்பத்தேழு விடுதிகள்.
எல்லாவற்றிலும் அதே நீலம்,
அதே வெள்ளைக் குடை,
பல் தெரியச் சிரிக்கும் அதே நாலு பேர்.
எங்கே சறுக்குமரம் உண்டு,
எங்கே வேர்க்கடலை சேராத பிள்ளைக்குத் தனிச் சமையல்,
எங்கே சாயங்காலம் ஆறு வரை
குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள்,
எனக்கு மனப்பாடம்.
ஆன்டிகுவாவில் எந்த விடுதியின்
குளியலறை வழுக்கும் என்றுகூடச் சொல்வேன்.
போனதில்லை.
பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

என் அப்பாவுக்கு அவை தீவுகளே அல்ல, மைதானங்கள்.
"பார்படாஸா? அங்க பந்து எகிறும்" என்பார்
ரசத்தை ஊற்றிக்கொண்டே.

பிரெண்டா கேட்டாள்:
நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்.
மூன்றாவது வரியிலிருந்து படிக்க வேண்டும்,
புன்னகையோடு.
புன்னகை குரலில் கேட்குமாம்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் கொட்டிவாக்கத்துக்காரி.
எங்கள் கடல் நான்காவது எட்டு வரை கணுக்கால்.
ஐந்தாவது எட்டில் தரை கிடையாது.
திரும்பிப் போகிற அலை
குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும்.
ஆகவே விரலைப் பிடித்து யாரும்
பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதில்லை.
விரல் நழுவும்.
மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும்,
வளையலோ கயிறோ இருந்தால் கழற்றிவிட்டு.
மூன்றாம் தெரு ரூபனை
அவன் மாமா பிடித்திருந்தது விரலை.

இதையெல்லாம் பிரெண்டாவிடம் சொல்லவில்லை.
"ஒரு நிமிடம்" என்றேன்.
நட்சத்திரங்களைத் தள்ளினேன். சறுக்குமரத்தைத் தள்ளினேன்.
ஒவ்வொரு விடுதியின் வரைபடத்தையும் பெரிதாக்கி
கரை மேற்கே பார்க்கிறதா,
வெளியே பவளத்திட்டு கிடக்கிறதா,
அலை அங்கேயே உடைந்து ஓய்ந்துவிடுமா என்று தேடினேன்.
நாற்பத்தேழு ஒன்பதாயிற்று.
ஒன்பது இரண்டாயிற்று.
அதில் ஒன்றைச் சகட்டுமேனிக்குத் திட்டியிருந்தார்கள்:
அறை பழசு, காபி வாயில் வைக்க முடியாது,
மின்தூக்கி முனகுகிறது.
எல்லாவற்றுக்கும் கீழே யாரோ ஒருத்தி,
நட்சத்திரம்கூடப் போடாமல்:
என் மகன் நூறு அடி நடந்தான்.
தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டவில்லை.

"இதை எடுங்கள்" என்றேன்.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்
ஜெரால்ட் புருவத்தைத் தூக்கினான்.
அதில் கமிஷன் குறைவு.

மார்ச் கடைசியில் மதிப்பெண் வந்தது.
ஐந்துக்கு மூன்று.
அறை பழசு. காபி மோசம்.
"கடைக்குட்டிக்கு இரண்டே நாளில் அலுத்துவிட்டது.
அந்தக் கடலில் அலையே இல்லை."

ஜெரால்ட் விளக்கம் கேட்டான், எழுத்தில்.
கொடுத்தேன்:
அலை இல்லாததற்கு நானே பொறுப்பு.
அவனுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.
கோப்பில் வைத்துக்கொண்டான்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
அலுவலக வண்டி சிக்னலில் இறக்கிவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை.
அகரன் பல்கூடத் துலக்காமல்
அரைக்கால் சட்டையோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.
தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.
போகிறோம்.

முதல் அலை, கணுக்கால்.
இரண்டாவது, அவன் தொடை.
மூன்றாவது எங்கிருந்து வந்தது தெரியவில்லை,
என் பை, என் அடையாள அட்டை, அவன் வாய் எல்லாம் உப்பு.
இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று
இழுக்கிறான், கத்துகிறான், சிரிக்கிறான்.
"கைய விடும்மா, வலிக்குது."

வலிக்கட்டும்.