டியர் சேர்

காலை ஏழு ஐம்பதுக்கு ஆறாம் தரம்.
அவர்களுக்கு ஆங்கிலம் இன்னும் பொருட்களின் பெயர்தான்:
கதிரை, சன்னல், குடை, மீன்.
கையால் தொட்டால் சொல் வரும் என்று நம்புகிறார்கள்.
'கடலுக்கு முன்னால ஏன் ரீச்சர் ஒரு "த"?'
யதுர்ஷா கேட்கிறாள்.
எனக்குத் தெரிந்து கடலுக்கு முன்னால் கோட்டை மதில்,
அதற்கும் முன்னால் ஐஸ்பழ வண்டி.
மணி அடித்தது. தப்பினேன்.

எட்டாம் தரத்துக்கு நடக்கும் விறாந்தையில்
எல்லோருக்கும் இரண்டு வயது கூடிவிடுகிறது.
'நான்.' நூறு சொல்.
முப்பத்தொரு பேருக்கும் பொழுதுபோக்கு முத்திரை சேர்த்தல்.
முத்திரையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.
நுஸ்ரி மட்டும் எழுதியிருந்தான்,
மை ஹொபி இஸ் ஸ்லீப்பிங்.
பத்துக்கு எட்டுப் போட்டேன்.
உண்மைக்குத் தனிப் புள்ளி பாடத்திட்டத்தில் இல்லை.

இங்கே ஆங்கிலத்துக்கு நான் ஒருத்திதான்.
மற்றவர் இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்குப் போய்விட்டார்.
ஏழு பாடவேளைக்குள் ஏழு வருசம்
ஏறி இறங்குகிறேன், சேலை முழுக்கச் சோக்குத்தூள்.

பத்தாம் தரம். செயப்பாட்டுவினை.
துவாரகன் கண்ணாடியை உடைத்தான்.
கண்ணாடியை முன்னுக்கு எடு, துவாரகனைப் பின்னுக்குத் தள்ளு:
கண்ணாடி துவாரகனால் உடைக்கப்பட்டது.
வகுப்பே சிரித்தது, துவாரகன் உட்பட.
புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசித்தேன்:
செய்தவர் யாரெனத் தெரியாதபோதும்
சொல்லத் தேவையில்லாதபோதும்
'பை'யையும் அதன் பின்னால் வருபவரையும் விட்டுவிடலாம்.
உதாரணம்?
கடைசி வாங்கிலிருந்து அன்ரனீற்றா, எழும்பாமலே:
'அம்மாட பழைய வீடு எரிக்கப்பட்டது.'

இலக்கணம் சரி.
சரி என்றுதான் சொன்னேன்.

இடைவேளையில் கொப்பிகளைச் சன்னல் கட்டில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போனது என் பிழை.
திரும்பி வந்தபோது மான் ஒன்று
பதினோராம் தரத்தைத் தின்றுகொண்டிருந்தது.
ஊருக்கு இது புதினமில்லை.
பஸ் ஸ்டாண்டில் சோற்றுப் பாசல் கடதாசி,
லொத்தர் சீட்டு, தேர்தல் நோட்டீஸ்
எதையும் கட்சி பார்க்காமல் தின்கிற சாதி.
'திருகோணமலையின் இயற்கை அழகு' –
பத்துப் பேரும் பாடமாக்கிய ஒரே கட்டுரை,
ஒரே நீலக் கடல், ஒரே பொன் மணல்.
போனது ஒரு கட்டுரைதான் என்று கணக்குப் பார்த்தேன்.
பிறகுதான் பவுஸ்தீனா ஞாபகம் வந்தாள்.
'இந்தமுறை நானா எழுதினனான்' என்று தந்தது.
நான் இன்னும் பிரித்தே பார்க்கவில்லை.

வலயக் கல்விப் பணிமனைக்கு
ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் வேண்டும் என்றார் அதிபர்.
கடைசிப் பாடவேளை பன்னிரண்டாம் தரம், மூன்றே பேர்.
முறைசார் கடிதம் என்று தலைப்பிட்டு
என் கடிதத்தையே எழுத வைத்தேன்.
ஒருவன் தொடங்கினான்: டியர் சேர்.
ஒரு 'ஈ'யும் ஒரு 'ஏ'யும் என்றால் மதிப்புக்குரியவர்.
அவன் இரண்டு 'ஈ' போட்டிருந்தான்.
பணிமனை அதிகாரிக்குக் கொம்பு முளைத்தது.
சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது,
திருத்த மனம் வரவில்லை.

கொப்பிகள் உண்ணப்பட்டன.
இவ்வளவும் நான் எழுதினேன்.
முற்றுப்புள்ளி வைத்தால் போதும், இலக்கணம் சரி.
பேனை நிற்கவில்லை. பை எழுதினேன்.
பிறகு, ஒரு மானா, அந்த மானா?
யதுர்ஷாவின் கேள்வி, காலையில் விட்ட இடத்திலேயே.
வெளியே அது பலாமர நிழலில் அசைபோட்டபடி நின்றது,
எந்த ஒளிவும் இல்லாமல்.
'த' போட்டேன்.

கேட்டடியில் பவுஸ்தீனாவைப் பிடித்துச் சொன்னேன்.
திரும்ப எழுதித் தாறியா?
'அதே வராது ரீச்சர்.'
என்னத்தைப் பற்றி எழுதினாய், அதையாவது சொல்லு.
சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள்.
'தமிழில சொன்னா
எங்கட வீட்டுக்குத் தெரிஞ்சிடும்.'