பதினான்காவது நிறுத்தம்

ஐந்தேகாலுக்கு என்ஜினைச் சூடேற்றுகிறேன்.
மினசோட்டாவின் வடகோடியில் ஜனவரி
டீசலையே உறையவைக்கும்.
மஞ்சள் பேருந்து. இருபத்திரண்டு நிறுத்தங்கள்.
பதினான்காவது என் வீடு,
போன செப்டம்பர் வரை.

இப்போது பட்டியலில்
பதின்மூன்றை அடுத்துப் பதினைந்து.
என் காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
பிர்ச் மரங்கள் முடியும் வளைவில்
அது தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.
"ஏன் மெதுவாப் போறீங்க, மிஸஸ் லாஹ்தி?"
முன்வரிசை காஸ்பர் கேட்பான்.
பனி வழுக்குது என்பேன்.

ஐவர் பள்ளியில் ஏழு மாதம் பேசவில்லை.
வீட்டில் அவன் ஓட்டைவாய்.
சரக்கு ரயிலின் எடை, ஆந்தையின் கழுத்து,
நேற்றைய சூப்பில் ஒரு கல் உப்பு கூட,
எதையும் விடமாட்டான்.
பள்ளி வாசலில்
கையுறையோடு சேர்த்துக் குரலையும்
கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.
ஆசிரியை நல்லவள். அதுதான் சிக்கல்.
கெட்டவளாக இருந்திருந்தால்
சண்டை போட்டிருப்பேன், ஆறியிருப்பேன்.
அவளோ என் எதிரில் அழுதாள்.
"இருபத்தெட்டுப் பேர். நான் ஒருத்தி."

கடிதத்தை ஆர்விட் எழுதினான்.
மர ஆலை மூடியதிலிருந்து
அவனிடம் பகல்கள் மிச்சமிருந்தன.
நான்கு வரி, இரண்டு கையெழுத்து.
எனக்குச் சம்பளம் தரும் அதே அலுவலகத்தில்
அதே ஜன்னலில் நீட்டினேன்.
முத்திரை குத்திவிட்டுக் கேட்டாள்:
"நீங்க வண்டி ஓட்ட வருவீங்கல்ல?"

வருவேன்.
ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால்
தன் பிள்ளை தானே படித்துவிடுமா
என்று மட்டும்
நாற்பது மைலும் யோசித்துக்கொண்டு.

அக்டோபரில் ஒருநாள்
டீசல் பிடிக்கும் இடத்துக்கு ஆர்விட் போன் செய்தான்.
"வகுத்தாச்சு. மீதி மூணு வருது.
அதை எங்க வைக்கிறது?"
பின்னணியில் ஐவர்
கத்திக் கத்தி விடை சொல்லிக்கொண்டிருந்தான்.
தவறான விடை.
பம்ப்பில் சாய்ந்து நின்று
இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

சிக்னியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
அவளுக்குப் பதினொன்று.
ஒரே உறையில் இரண்டு பெயர் போட்டோம்.
அவளைக் கேட்கவில்லை.
கேட்காதது அன்று நியாயம் போலிருந்தது,
ஒருவனுக்கு ஒன்று, இன்னொருத்திக்கு ஒன்றா என்று.

தினமும் ஆறு ஐம்பத்திரண்டுக்கு
அப்பாவின் கோட்டுக்குள் நின்றபடி
பையில்லாமல் பேருந்தைப் பார்ப்பாள்.
மாரென் ஜன்னலில் உள்ளங்கை பதிப்பாள்.
நான் இரண்டு விரல் உயர்த்துவேன்,
ஓட்டுநர்கள் ஓட்டுநர்களுக்குச் செய்வதுபோல.

இன்று சாலைக்கே வந்துவிட்டாள்.
நிறுத்தினேன். சிவப்பு விளக்குகள் மினுங்கின.
பக்கவாட்டுப் பலகை விரிந்தது.
பின்னால் ஒரு லாரி, சட்டப்படி, நின்றது.
கதவு திறந்ததும் குளிர்தான் முதலில் ஏறியது.

"படிக்க இல்லம்மா.
கடைசி நிறுத்தம் வரைக்கும்.
அங்கேயிருந்து திரும்ப உன்கூடவே வந்துடுறேன்."

பட்டியலில் இல்லாத பெயரை ஏற்றக்கூடாது.
விதி என் தலைக்கு மேலேயே
ஒட்டப்பட்டிருக்கிறது; ஒட்டியவள் நான்.
பேருந்து முழுக்க
ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன்.
மாரென் அதற்குள்
ஜன்னலோரமாக நகர்ந்திருந்தாள்.