மூன்று வண்டி மரம்

வாலாஜாபேட்டையில் நூல் கிடங்கு இடித்தபோது
ஒன்பது உத்தரம் என் பங்குக்கு வந்தது.
தேக்கில்லை. தட்டினால் வேறு சத்தம்.
ஓக் என்றான் கன்னியப்பன், நாக்கில் தொட்டுப் பார்த்து.
கன அடிக்கு என்ன போடலாம் என்று நான் கணக்குப் பார்த்தேன்.

கிடங்குப் பத்திரத்தில் ஒரு வரி:
சென்னப்பட்டணக் கரையில் உடைத்த
யுத்தக் கப்பலின் மரம், ஏலத்தில் எடுத்தது,
வண்டி மூன்று, கூலி தனி.
கப்பலின் பேர் இல்லை.
மாடுகளின் நிறம் இருக்கிறது:
இரண்டு மயிலை, நான்கு செவலை.

முதல் அறுப்பில் செம்பு ஆணி, முழங்கை நீளம்.
இரண்டாவதில் தார்;
மில் முழுக்க யாரோ இப்போதுதான் பூசியது போல.
மூன்றாவதில் கீச்சென்று
ரம்பப் பட்டை அறுந்து சுவரில் அடித்தது.

கரண்டை நிறுத்தி உளி வைத்துப் பிளந்தோம்.
சாத்துக்குடி அளவில் இரும்புக் குண்டு.
சுற்றிலும் மரம் மை போலக் கருத்திருந்தது.
"கடுக்காய்த் தண்ணியில இரும்பு பட்டா இப்படித்தான்,"
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
பதினெட்டு வருஷம் நின்றவன் சொன்னான்.

குண்டு நுழைந்த வாயில் ஒரு மர ஆப்பு.
எடுக்க நேரமில்லை அந்த ஆசாரிக்கு.
வாயை அடைத்து, தார் பூசி, இழைப்புளி ஓட்டி
மறுபடி சண்டைக்கு அனுப்பியிருக்கிறான்.
நல்ல ஆப்பு. நூல் நுழையாது.
எந்தக் கடல், எந்தக் கொடி, யார் யாரைச் சுட்டார்கள்,
ஆப்பு ஒன்றும் சொல்லாது.
அடித்தவன் இடது கைக்காரன் என்று மட்டும்
வெட்டுச் சாய்வில் தெரிந்தது.

அதன் பக்கத்தில் பீரங்கி வளையம் இருந்த தடம்.
அதன்மேல் ஒரே சீராக ஆணிகள்,
பின்னாளில் யாரையோ படுக்கவைக்கக் கட்டியவை போல;
நோயாளிகளா, கைதிகளா.
அதற்கும் மேல் உப்பு, வெள்ளையாக.
கடைசியில் சரக்குத்தான் ஏற்றியிருப்பார்கள்.

கப்பலாக முப்பது வருஷம் மிதந்திருக்கலாம்.
நூல் பொதிகளுக்கு மேலே
கிட்டத்தட்ட இருநூறு வருஷம் அசையாமல் கிடந்தது.

ஆற்காட்டில் பாசித் பாய் வீட்டு நிலைக்குக் கேட்டிருந்தார்.
பாலாற்றுப் பாலத்தில் லாரி நெரிசலில் நின்றது.
கீழே மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.
உத்தரத்தின் மேல் கன்னியப்பன்,
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

பாய் தடவிப் பார்த்தார்.
விரல் அந்தக் குழியில் நின்றது.
"ஓட்டை மரத்துக்கா இந்த விலை?"

சொல்ல வாய் வந்தது.
இருநூறு குறைத்துக்கொண்டேன்.