செவ்வாய்க்கிழமைக் காது

தொலைபேசியை எடுத்ததும்
நான் முதலில் பெயரைக் கேட்பதில்லை.
"காப்பீடு இருக்கிறதா?"
இருந்தால் பச்சைப் பட்டியல், மூன்று வாரம்.
இல்லையென்றால் வெள்ளை,
பத்தொன்பது மாதம், "சற்றே கூடலாம்."
பதினோரு வருடமாக அந்தச் "சற்றே"யை
இடறாமல் சொல்கிறது என் குரல்.

மருத்துவர் ஒருவர்தான், ஹானரட்டி.
அதே நாற்காலி, அதே சின்ன விளக்கு,
குழந்தைகள் அழாதிருக்க அதே மர வாத்து.
செவ்வாயன்று அரசாங்கக் காதுகள்.
வியாழனன்று சந்தா கட்டிய காதுகள்.
செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீருக்குக்
கிழமை தெரியாது.

கூரை ஒழுகிய வருடம்
நாங்கள் சந்தாவை நிறுத்தினோம்.
ஓடா, காப்பீடா என்று
ரொட்டிக் காகிதத்தின் பின்புறம் கணக்குப் போட்டான் ஈமன்.
கால்வே மழை யாரையும் அதிகம் யோசிக்க விடாது.
ஓடு மாற்றினோம்.
அடுத்த குளிரில் காஹலுக்குக் காது அடைத்தது.

வெள்ளையில் நானூற்றுப் பன்னிரண்டு:
காஹல் மேனியன், வயது ஐந்து.
தட்டச்சு செய்தவள் நான்தான்.
கூப்பிட்டால் திரும்பமாட்டான்.
"பிடிவாதம்" என்று எழுதி அனுப்பினாள் வகுப்பாசிரியை.
ஓடும் சலவை இயந்திரத்தின்மேல்
கன்னத்தை வைத்து நிற்பான்.
வீட்டில் அதன் பேச்சு மட்டும்தான்
அவனுக்குத் தெளிவாகப் புரிகிறது.

மார்ச்சில் ஒரு மத்தியானம்,
பக்கத்து மேசை காலி.
அவன் பெயரைப் பிடித்து மேலே இழுத்தேன்.
ஒரு பெயருக்குச் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.
ஒன்பதில் விட்டேன்.
ஒன்பது பத்தாக இறங்கியது:
ஹெய்டோர் புவேனோ, கோர்ட் ஊர், வயது நான்கு.
அப்பா இறைச்சி ஆலையில்.
மொழிபெயர்க்க மூத்த மகளை அருகில் நிறுத்திக்கொண்டு
ஒருமுறை பேசினாள் அவன் அம்மா.
"சற்றே என்றால் எவ்வளவு?" என்று
அந்தச் சிறுமி தானாகவே கேட்டாள்.

திரும்பவும் கீழே இறக்கினேன்,
நானூறு வரிகள் சுருள.
நல்ல காரியமா, பெற்றவள் செய்யும் காரியமா,
இன்றுவரை தெரியாது.
ஈமனிடம் சொல்லவில்லை.

காஹல் இப்போதெல்லாம்
என் உதடுகளைப் பார்த்தே கேட்டுவிடுகிறான்.
சில பதில்களுக்கு
நான் பாத்திரம் கழுவும் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நாளை வியாழன்.
பச்சையில் இரண்டு பேர் வரவில்லையாம்.
அந்த இடங்களுக்கு வெள்ளையிலிருந்து
யாரையும் கூப்பிட விதியில்லை.
அரைமணி நேரம்
விளக்கு எரியும்.
வாத்து இருக்கும்.