கனமான சமையல்

தொலைபேசியில் என் பெயர் மெலிண்டா.
அதுவரை எல்லாம் சரியாகத்தான் போகும்.
அறை இருக்கிறது, எல்.ஆர்.டி. ஐந்து நிமிடம்,
நீச்சல் குளம் உண்டு, இன்றே வந்து பாருங்கள்.
கீழே காவலாளிக் கூண்டருகே என்னைக் கண்டதும்
ஏஜெண்ட் கையிலிருந்த சாவி
பைக்குள் திரும்பிப் போகும்.
"சற்றுமுன்தான் ஒருவர் முன்பணம் கட்டிவிட்டார்."
ஒரே சனிக்கிழமையில்
மூன்று வீடுகள் சற்றுமுன் போயின.

செராஸில் ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார்:
"கனமான சமையலா?"
யோசித்தேன்.
இரவுப் பணி முடிந்து வந்து
நின்றபடியே தின்னும் மேகி
எத்தனை கிலோ இருக்கும்?

ஜாலான் ஈப்போவில் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை.
ஆறாம் நாற்காலி திரு. தோங் சொன்னார்,
செந்தூலில் மச்சானுக்கு ஒரு பிளாட் இருக்கிறது,
எழுநூற்றைம்பது வெள்ளி,
ஏன் மலிவு என்று மட்டும் கேட்காதே.
நான் கேட்கவில்லை.
கையில் ஊசி ஏறியிருக்கும்போது
யாரும் பொய் சொல்வதில்லை என்று ஒரு நம்பிக்கை.

இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை,
தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம்.
வளையல் அடகுக் கடைக்குள் போனது.
உள்ளே கால் வைக்குமுன்பே
மூன்றரை மாதம் குடியிருந்த களைப்பு.

நான்காம் மாடி.
மின்தூக்கி மூன்றிலும் ஆறிலும்தான் நிற்கும்.
ஏறி நடப்பதா இறங்கி நடப்பதா என்று
அன்றாடம் ஒரு முடிவெடுக்க வேண்டும்.
மேல்வீட்டு மிஸ் யிப் துணி காயப்போட்டால்
என் பால்கனியில் மழை.
பக்கத்து வீட்டு வங்காளப் பையன்கள்
ஷிப்டு முறையில் ஒரே மெத்தையில் தூங்கினார்கள்,
அதில் ஒருவன் இருமுவான்.

இரண்டாம் வாரம், செவ்வாய் காலை ஆறு மணி.
சிவப்பு.
கம்பிக்கதவில், பூட்டில், செருப்பு அடுக்கில்,
புதிதாய் வாங்கிய கால்மிதியில்.
கதவில் ஒட்டியிருந்த அடையாள அட்டை நகலில்
குணசீலன் என்றொருவன்
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினெட்டாயிரம் வெள்ளி.
கீழே ஒரு கைபேசி எண், அதுவும் சிவப்பில்.

புகார் எழுதிய போலீஸ்காரர் கேட்டார்: "உறவா?"
இல்லை என்றேன்.
"கணவரா?"
இல்லை.
பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
மெலிண்டா என்று எழுதிவிட்டு
தகப்பன் பெயரை இரண்டுமுறை கேட்டார்.

வீடு திரும்பியபோது
எதிர்வீட்டு காக் சுரைனி
தின்னர் டின்னும் பழைய டி-சர்ட்டுமாய்
என் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.
தேய்த்துக்கொண்டே தலையால் காட்டினாள்,
அவள் கதவின் அடிமூலையில்
காய்ந்த ஒரு சிவப்புப் பொட்டு.
"இவனுக்காகவா, காக்?"
"என் தம்பிக்காக" என்றாள்.
"மூணு வருஷம் ஆச்சு. ஜொகூரில் இருக்கிறான்.
இருக்கிறான் என்று நினைக்கிறேன்."

அப்புறம் பேசவில்லை.
பையன்களில் தூங்காத ஒருவன் வந்து
மேல் கம்பிகளைத் துடைத்தான், எனக்கு எட்டாது.
தின்னர் நாற்றத்தில் தலை சுற்றியது.
பூட்டின் துவாரத்துக்குள் போனது மட்டும்
போகவில்லை.
இன்றைக்கும் சாவி போட்டால்
விரல் நுனியில் ஒட்டுகிறது.

வீட்டுக்காரருக்கு அழைத்து
ஐம்பது வெள்ளி குறைக்கச் சொன்னேன்.
முப்பது என்றார்.
சரி என்றேன்.

அன்று மாலை செந்தூல் பாசாரில்
கருவாடு வாங்கினேன், கால் கிலோ.
கதவைத் திறந்துபோட்டு
எண்ணெய் காய்ந்ததும் மிளகாயைக் கிள்ளிப் போட்டேன்.
எதிரே காக் சுரைனி தும்மினாள்,
பிறகு சிரித்தாள்,
பிறகு ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள்.
மேலே
மிஸ் யிப் ஜன்னலை
அறைந்து சாத்தும் ஓசை.