மூன்றடைப்பு

வள்ளியூர் தாண்டும்வரை முள் நடுவில் நின்றது.
வேகம் அறுபதைத் தொட்டதும் சாய ஆரம்பித்தது,
சாமியாடப் போகிறவன் தலை மாதிரி.

ஆனி மாசம்.
காற்றாலைகள் எல்லாம் கை வீசிச் சுற்றுகிற காற்று.
அத்தனையும் முகத்தில் அடித்தும்
என் ஹெரால்டுக்கு மட்டும் காய்ச்சல்.

பின்சீட்டில் மறுவீடு போகும் ஜோடி.
இரண்டு பேருக்கும் நடுவில்
மூன்றாவது ஆள்போல ஒரு முறுக்குப் பெட்டி.

வண்டி அறுபத்தாறாம் வருசத்தது.
கல்யாணத்துக்கு வாடகை நாலாயிரம், பூ தனி.
கொதிப்பு தொடங்கி ஏழு மாசம்;
பால்கணக்கு நோட்டில் பின்பக்கமாக எழுதி வருகிறேன்.
தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ச் சட்டியில் போட்டேன்,
சரியான சூட்டில் வாயைத் திறந்தது. குற்றமில்லை.
ரேடியேட்டரைப் பேட்டையில் கொடுத்துக் குடைந்தேன்.
போர்த்தண்ணி உப்பு ஒரு உழக்கு வந்தது,
கொதிப்பு போகவில்லை.
ஃபேன் பெல்ட் புதிது. பம்பும் புதிது.

மேலப்பாளையம் பீர் மைதீன்
ஆயில் குச்சியை மோந்து பார்த்து
"ஹெட்டைக் கழத்தணும் வே" என்றார்.
இருபத்திரண்டாயிரம்.
அவர் பட்டறை வாசலில் அரைமணி நேரம்
எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். முள் அசையவில்லை.
டாக்டர் வீட்டுப் படியேறியதும் விட்டுப்போகும் காய்ச்சல்.

ஊர்ப்பலகைக்கு நேரே ஒதுக்கி நிறுத்தினேன்.
மூன்றடைப்பு என்று போட்டிருந்தது.
மூன்றுதானா?

ஹெரால்டின் மூடி மற்ற வண்டிகள்போல் இல்லை,
முகம் முழுவதும் முன்னால் கவிழும்.
ஆவி அடங்குவதற்குள் மாப்பிள்ளை சிவனணைந்தான்
பட்டு வேட்டியை மடித்துக் கட்டி
ரேடியேட்டர் மூடிக்குக் கை நீட்டினான்.

"தொடாதீங்க."

காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.
உலகம்மாள். முழங்கைவரை மருதாணி.
கங்கைகொண்டான் ரப்பர் கம்பெனியில்
சோதனைப் பிரிவு என்று பத்திரிகையில் இல்லை;
பி.எஸ்ஸி. மட்டும் போட்டிருந்தார்கள்.

"நின்னா கொதிக்குமா அண்ணாச்சி?"
இல்லை.
"மெதுவா போனா?"
அப்போதும் இல்லை.
"ஓடுனா மட்டும்?"

ஏழு மாசமாக நோட்டு முழுக்க விடை எழுதியிருக்கிறேன்.
கேள்வி இப்போதுதான் வருகிறது.

நாற்பது நிமிசம் ஆறவிட்டோம்.
ஆடு மேய்க்கிறவர் ஒரு குடம் தண்ணீர் தந்தார்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு. வேற வழியில்ல, ஊத்துங்க."

பிறகு புருசனைப் பார்க்காமலே,
"ஏறி ஆக்ஸிலேட்டர மிதிங்க" என்றாள்.
மிதித்தான்.
"இன்னும்."
எஞ்சின் அலறியது.

ரேடியேட்டர் அடியிலிருந்து பம்புக்குப் போகிற கீழ் ஹோஸ்
நுங்கை உறிஞ்சுகிற பிள்ளையின் கன்னம்போல
உள்ளே ஒட்டி, தட்டையாகி, மூடிக்கொண்டது.
காலை எடுத்தான்.
பழையபடி உருண்டை. ஒன்றும் தெரியாத முகம்.

"உள்ள ஸ்பிரிங் இருந்திருக்கும், துரு தின்னுட்டு.
ரப்பரும் செத்துட்டு.
வேகம் கூடுனா பம்பு இழுக்கு, இது தாங்க மாட்டுக்கு."

"நான் பாக்கலியே" என்று இறங்கி வந்தான் அவன்.
"நீ மிதி."
சேலையை ஒதுக்கி ஏறி மிதித்தாள்.
குனிந்தவன் "அட!" என்றான்.
"இன்னொரு மட்டம்."
மூன்று மட்டம் பார்த்தார்கள்.
என் டீசல் இல்லை, பெட்ரோல். நான் வாய் திறக்கவில்லை.

முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது என்பது அவள் உத்தரவு.
டவுன் பஸ்ஸெல்லாம் எங்களை வைதுகொண்டு முந்தின.
பொன்னாக்குடி வரும்போது
பின்னால் முறுக்கு உடைகிற சத்தம் கேட்டது,
பிறகு இரண்டு பேர் மெல்லுகிற சத்தம்.

பாளையங்கோட்டையில் ஆரத்தி கரைத்துக் காத்திருந்தவள்
நேரமாகிவிட்டதென்று கண்கலங்க,
"ஹோஸ் உள்ள இழுக்கு அத்தை" என்று
தானே கண்டுபிடித்தவன்போல் சொன்னான் மாப்பிள்ளை.
அவள் மறுக்கவில்லை. சிரிப்பை மட்டும் கடித்துக்கொண்டாள்.

புது ஹோஸ், ஸ்பிரிங்கோடு, முந்நூற்று நாற்பது ரூபாய்.
நாங்குநேரிக்கும் திரும்பவும் எழுபதில் அடித்துப் பார்த்தேன்.
முள் நடுவில்.

பீர் மைதீனிடம் சொன்னேன்.
ஹோஸை வாங்கி, அமுக்கி, மோந்து பார்த்து,
"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார்.