இருபத்தொன்பதாவது நிமிடம்

மின்னல் சங்கு ஊதியபோது
பிடோக் அரங்கில் ஒரு துளிகூட விழவில்லை.
விதி விதிதான்.
இருபத்திரண்டு பெண்களும் கூரைக்கடியில் ஓடினார்கள்.
நடுவட்டத்துப் பந்தை எடுக்க
யாருக்கும் தோன்றவில்லை.

காதுக்குள் தயாரிப்பாளர்:
"பேசிக்கிட்டே இரு, மதியழகன்.
விளம்பரமெல்லாம் தீர்ந்துபோச்சு."

பேசினேன்.
நான்குக்குப் பூஜ்யம் என்பதை
எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாக.
புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாக,
பிறகு கீழிருந்து மேலாக.
பக்கத்தில் பத்மஜோதி,
முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர், இரண்டு முழங்காலிலும் தையல்,
"லைன் ரொம்ப மேல ஏறி நிக்குது" என்றார்
மூன்றாவது முறையாக.
அறுபத்தோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் வீட்டார்.

பயிற்றுநர் ஷமீமா வந்தார்.
"ஆட்டம் தொடரணும், அதுதான் எங்க விருப்பம்"
என்று மைக்கிடம் சொன்னார்,
கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு.
ஒன்பதே முக்காலுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.
அணைந்தால் ஆட்டம் ரத்து, நான்கு கோலும் ரத்து,
வேறொரு நாள் பூஜ்யத்திலிருந்து.
இந்த லீக்கில் அப்படி.

ஒன்பது மணிக்கு வந்தது மழை.
எதிரணி மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
எங்கள் மாற்று ஆட்டக்காரர்கள்
மழைக்குக் கைதட்டாத குறை.

பிறகு கோல்காவலர் யாழரசி.
பகலில் பேருந்து ஓட்டுகிறவர்.
உறை கழற்றாத கையால் மைக்கை வாங்கினார்.
"மழை உங்க பக்கம்தான் போலிருக்கே?"
சிரிக்கவில்லை.
"அண்ணே, இருபத்தொன்பதாவது நிமிஷம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
அந்நேரம் நான் குனிந்து
புரோட்டாக் கடையின் விளம்பர வாசகத்தை
வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கார்னர்.
"அபாயம் நீங்கியது" என்று
பொதுவாக ஒன்றைச் சொல்லிவைத்தேன்.

"நீங்களே சொல்லுங்களேன் நேயர்களுக்கு"
என்றேன், பெருந்தன்மை போல.

"ஒன்பதாம் நம்பர் இடது காலை எடுத்தா.
நான் தப்பான பக்கம் சாஞ்சிட்டேன்.
உடம்பு போயிடுச்சு, கை மட்டும் மனசு மாறிடுச்சு.
இந்த ரெண்டு விரல்" —
காட்டினார், உறைக்குள் விரல் தெரியவில்லை —
"நகம் அளவுக்குத்தான் பட்டுச்சு.
கம்பத்துல போய் 'டங்'னு ஒரு சத்தம்.
பதினோரு வருஷத்துல
அப்படி ஒண்ண நான் புடிச்சதே இல்ல.

ரத்துன்னா
அதுவும் ரத்துதானே?"

அபாரம், அற்புதம், அருமையான தடுப்பு:
வருஷக்கணக்காகக் கைவசம் இருக்கும் சொற்கள்.
ஒன்றும் வரவில்லை.
நேரலையில் ஆறு விநாடி மௌனம்.
காதுக்குள் தயாரிப்பாளர் கத்தினார்.

ஒன்பது நாற்பத்திரண்டு.
நடுவர் குடையோடு வந்து புல்லை ஓர் உதை உதைத்தார்.
தண்ணீர் முழங்கால்வரை தெறித்தது.
கைகளைக் குறுக்காக அசைத்தார்.
கூரைக்கடியில் ஆரவாரம்,
ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டார்.

யாழரசி சங்கை மதிக்காமல் நடந்தார்
வலைக்குப் பின்னால் விட்ட தண்ணீர்ப் புட்டியை எடுக்க.
திரும்பும்போது இடது கம்பத்தை ஒரு தட்டு.
இங்கே எதுவும் கேட்கவில்லை.

"முடிச்சுக்கோ" என்றது காது.
நான் மைக்கை அருகே இழுத்தேன்.
இருபத்தொன்பதாவது நிமிடம், நேயர்களே,
பந்து ஒன்பதாம் எண்ணிடம்,
இடது காலை எடுக்கிறார், யாழரசி தவறான பக்கம்
சாய்கிறார், ஆனால் கை,

விளக்கை அணைத்தார்கள்.